திமில் இல்லாத ஒட்டகங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பெரு நாட்டு மலைகளில் அல்பாக்கா மேய்க்கும் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலங்குகளைப் பற்றியே கேட்கின்றன. லாமா எது, அல்பாக்கா எது, விக்குன்யா என்றால் என்ன, நம் ஒட்டகத்துக்கு இவை என்ன உறவு என்று பல கேள்விகள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பெருவின் அரெக்கிப்பா நகரத்தில் கம்பளி நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவள். ரோமத்தைத் தொட்டுப் பழகிய பிறகுதான் விலங்குகளைத் தேடி மலைக்குப் போனேன். அதனால் என் பதில்கள் அடிக்கடி ரோமத்தின் பக்கமும் மேய்ப்பர்களின் பக்கமும் போய்விடும்.

லாமா, அல்பாக்கா இரண்டும் ஒன்றுதானா? படத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.
(வாசகி, திருநெல்வேலி)

காதைப் பாருங்கள். லாமாவின் காது நீளம். வாழைப்பழம் போல உள்பக்கம் வளைந்து நிற்கும். அல்பாக்காவின் காது சின்னது, நேரானது, நுனி கூராக இருக்கும். லாமாவுக்கு நீண்ட முகம், அதில் ரோமம் குறைவு. அல்பாக்காவுக்குக் குட்டை முகம், நெற்றியில் கண்ணை மறைக்கும் அளவுக்கு ரோமக் கொத்து. நிமிர்ந்து நிற்கிற லாமாவின் தலை வளர்ந்த ஆளின் தலை உயரத்துக்கு வரும். எடை 130 முதல் 200 கிலோ. அல்பாக்கா 50 முதல் 80 கிலோதான். லாமாவின் முதுகு நேராக இருக்கும், அல்பாக்காவின் முதுகு வளைந்து வாலருகே சரியும்.

லாமாவைச் சுமைக்கும் அல்பாக்காவை ரோமத்துக்குமாக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு இது. பெருவின் ஹுனின் பகுதியில் தெலர்மச்சாய் என்ற பாறைக் குகையில் கிடைத்த எலும்புகளை வைத்து, இவற்றைப் பழக்கும் வேலை 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகக் கணிக்கிறார்கள். லாமாவின் காட்டு முன்னோர் குவனாக்கோ. அல்பாக்காவும் அதிலிருந்தே வந்தது என்று பலர் வெகுகாலம் நம்பினார்கள். 2001-இல் வெளியான மரபணு ஆய்வு, அல்பாக்காவின் முன்னோர் இன்னொரு காட்டு விலங்கான விக்குன்யா என்று காட்டியது.

1532-இல் ஸ்பானியர்கள் வந்தார்கள். நல்ல மேய்ச்சல் நிலங்களில் ஆடும் மாடும் குதிரையும் ஏறின. போரிலும் புதிய நோய்களிலும் மேய்ப்பர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள், அவர்களோடு மந்தைகளும் அழிந்தன. எந்தக் கிடாயை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று அறிந்தவர்களே இல்லாமல் போனார்கள். மிஞ்சிய லாமாவும் அல்பாக்காவும் மேட்டு நிலங்களில் ஒன்றோடொன்று கலந்தன. தெற்குப் பெருவில் எல் யரால் என்ற இடத்தில், சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டுப் பாலைவன வறட்சியில் அப்படியே உலர்ந்துபோன லாமாக்களும் அல்பாக்காக்களும் கிடைத்தன. அவற்றின் ரோமம் இன்றைய விலங்குகளுடையதைவிட மென்மையாகவும் சீராகவும் இருக்கிறது. எங்கள் ஆலைக்கு வந்த ரோமத்திலோ, ஒரே விலங்கின் முதுகிலிருந்து எடுத்ததிலேயே பட்டிழையும் முரட்டு இழையும் கலந்து கிடக்கும். அந்தக் கலப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் 1532 என் நினைவுக்கு வரும்.

லாமா ஒட்டக இனம் என்கிறீர்கள். ஒட்டகம் பாலைவனத்தில், இது பனிமலையில். எப்படி உறவு?
(வாசகர், கரூர்)

குடும்பத்தில் இன்று ஏழு பேர். ஒற்றைத் திமில் ஒட்டகம், இரட்டைத் திமில் ஒட்டகம், மங்கோலியாவிலும் சீனாவிலும் எஞ்சியிருக்கிற காட்டு இரட்டைத் திமில் ஒட்டகம், இந்த மூன்றும் ஆசிய, ஆப்பிரிக்கப் பக்கம். லாமா, அல்பாக்கா, குவனாக்கோ, விக்குன்யா நான்கும் தென் அமெரிக்காவில்.

அருகில் நின்று பார்த்தால் உறவு தெரிந்துவிடும். மேலுதடு நடுவில் பிளந்திருக்கும். காலில் குளம்பு கிடையாது. இரண்டு விரல்களும் அடியில் மெத்தென்ற தோல் பாதமும் உண்டு. இரைப்பைக்கு மாடு போல நான்கு அறை இல்லை, மூன்றுதான், ஆனாலும் அசை போடும். ஏழுக்கும் குரோமோசோம் 74. பாலூட்டிகளின் சிவப்பணு வட்டமாக இருப்பதுதான் வழக்கம்; இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நீள்வட்டம்.

இவர்கள் எல்லோருக்கும் சொந்த ஊர் வட அமெரிக்கா. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் முயல் அளவில் இருந்த ஒரு விலங்கிலிருந்து அங்கேதான் இந்தக் குடும்பம் பெருகியது. ஒரு கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அப்போது இணைத்திருந்த பேரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்தது. இன்னொரு கிளை, பனாமா நிலம் கடலிலிருந்து எழுந்து இரண்டு அமெரிக்காக்களையும் இணைத்த பிறகு, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தெற்கே இறங்கியது. கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது வட அமெரிக்காவில் இருந்தவை முற்றிலும் அழிந்தன.

கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவில் சுமார் 35 லட்சம் ஆண்டு பழைய ஒட்டகக் கால் எலும்புத் துண்டுகள் கிடைத்தன. 2013-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் கொழுப்புத் திமிலும் பனியில் நடந்து, நீண்ட குளிர்காலத்தைத் தாக்குப்பிடிக்க முதலில் உதவியிருக்கலாம், மணலுக்கு அவை பிறகு பொருந்திப்போயின என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இந்தக் கருத்து மிகவும் பிடிக்கும். எதற்காகவோ அமைந்த உடல், இன்னொரு நிலத்தில் இன்னொன்றுக்குப் பயன்பட்டிருக்கிறது.

உறவு எவ்வளவு நெருக்கம் என்று 1998-இல் துபாயில் சோதித்தும் பார்த்தார்கள். ஒற்றைத் திமில் ஒட்டகத்தையும் லாமாவையும் செயற்கைக் கருவூட்டலில் சேர்த்து ஒரு குட்டி பிறந்தது. அதற்குக் காமா என்று பெயர். அதனால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லாமா மனிதர்கள் முகத்தில் எச்சில் துப்புமாமே, உண்மையா?
(எட்டாம் வகுப்பு மாணவி, தென்காசி)

துப்பும், ஆனால் பெரும்பாலும் தங்களுக்குள்தான். தீவனத்துக்கு முந்துகிறவளை விரட்ட, விருப்பமில்லாத கிடாயைத் தள்ளிவைக்க, குட்டியின் பக்கம் வருகிறவர்களை எச்சரிக்க. முதலில் காதைப் பின்னால் மடக்கும், தாடையை உயர்த்தும். அதிலேயே விஷயம் முடிந்துவிடுவது அதிகம். அப்படியும் விலகாவிட்டால் வாயில் இருப்பதைத் துப்பும். கோபம் எல்லை மீறினால் இரைப்பையிலிருந்து அரைகுறையாகச் செரித்த பச்சைக் குழம்பு வரும். நாற்றம் சட்டையை விட்டு லேசில் போகாது. சிலி நாட்டில் போராட்டக்காரர்கள் மீது தண்ணீர் பீய்ச்சும் காவல்துறை வண்டியை மக்கள் குவனாக்கோ என்றே அழைக்கிறார்கள்.

நீ ஒரு லாமாவின் அருகில் போக நேர்ந்தால், தலையைத் தடவப் போகாதே, பெரும்பாலானவற்றுக்கு அது பிடிக்காது. கழுத்தின் பக்கவாட்டில் கை வை. முதலில் அது உன் முகத்தை முகர்ந்து பார்க்கட்டும், அதுதான் அவர்கள் ஊர் வணக்கம்.

டீலர் ஒருவர் 'பேபி அல்பாக்கா' நூல் என்று காட்டினார். குட்டிகளின் ரோமத்தை வெட்டுகிறார்களா? மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.
(பின்னலாடைத் தொழில் செய்பவர், திருப்பூர்)

சங்கடப்பட வேண்டாம். 'பேபி' என்பது வயது இல்லை, தரம். பெருவின் தர அளவுப்படி 23 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவான தடிமனும் உள்ள இழை அந்தப் பெயர் பெறும். பத்து வயது அல்பாக்காவின் முதுகிலிருந்தும் அது கிடைக்கலாம். அதற்கு மேல் 26.5 வரை ஒரு தரம், 29 வரை ஒன்று, 31.5 வரை ஒன்று, அதையும் தாண்டினால் முரட்டு ரகம், கம்பளத்துக்குப் போகும். ஒப்பிட்டுப் பார்க்க: தலைமுடி சுமார் 70 மைக்ரான், காஷ்மீர் ஆட்டு ரோமம் 14 முதல் 19.

இந்தத் தரம் பிரிக்கும் வேலையைப் பற்றித்தான் நான் நிறையப் பேச விரும்புகிறேன். அரெக்கிப்பாவில் அதைச் செய்கிறவர்கள் பெண்கள். வடக்கு வெளிச்சம் விழுகிற நீண்ட கூடத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு மேடைக்குப் பின்னால் நின்று, வெட்டிய ரோமத்தைப் போர்வையாக விரிப்பாள். முதுகும் விலாவும் மென்மை. கழுத்து அடுத்தபடி. வயிறும் காலும் முரடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கொத்தை உருட்டும். கை அதற்குள் சரியான கூடைக்குப் போயிருக்கும். நாங்கள் அதே கொத்தை ஆய்வகத்தில் அளவு கருவியில் வைத்துப் பார்ப்போம். ஓரிரு மைக்ரான் வேறுபாட்டைக்கூட அந்த விரல்கள் சரியாகவே சொல்லியிருக்கும். நிறமும் அவர்கள் பொறுப்பு: வெள்ளை, வெண்பழுப்பு, பல படிகளில் காப்பி, சாம்பல், கருப்பு என்று தொழிலில் 22 இயற்கை நிறங்கள் வரை கணக்கிடுகிறார்கள். சாயம் ஏற்ற வசதி என்று ஆலைகள் வெள்ளையையே கேட்டுக் கேட்டு வாங்கியதால் நிற அல்பாக்காக்கள் மந்தைகளில் அருகிவிட்டன. இது எங்கள் தொழில் செய்த கெடுதல். இப்போது கருப்பும் சாம்பலும் வளர்க்க மேய்ப்பர்களை மறுபடி கேட்கிறார்கள்.

அல்பாக்காவில் இரண்டு வகை உண்டு. வக்காயாவின் ரோமம் நெளி நெளியாக உப்பி நிற்கும். சூரியின் ரோமம் திரிதிரியாகத் தொங்கும், பட்டுப் பளபளப்பு. எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆட்டுக் கம்பளியில் இருக்கிற எண்ணெய்ப் பசை அல்பாக்காவில் மிகச் சொற்பம், அதனால் கழுவும்போது எடை அதிகம் போகாது. நீங்கள் நூல் வாங்கும்போது கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்த முறை டீலரிடம் விலை பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 4,000 மீட்டருக்கு மேல், மரமே இல்லாத புல்வெளியில், ஒரு குடும்பம் ஐம்பதோ நூறோ அல்பாக்கா வைத்திருக்கும். ஒரு விலங்கிலிருந்து வருஷத்துக்கு 2 கிலோ அளவில் ரோமம். மழை தொடங்கும் முன், அக்டோபர், நவம்பர் வாக்கில் வெட்டுவார்கள். இடைத்தரகர் லாரியில் வருவார். மென்மையானதும் முரட்டு ரோமமும் எல்லாம் ஒரே விலைக்கு, மொத்த எடைக்குத்தான். நல்ல ரோமம் வளர்த்தவளுக்கும் மோசமான ரோமம் வளர்த்தவளுக்கும் ஒரே பணம் என்றால் இனத்தை மேம்படுத்த யாருக்கு மனம் வரும்? தரம் பிரித்து அதற்கேற்ற விலை கொடுக்கும் சேகரிப்பு மையங்களைச் சில ஊர்களில் மேய்ப்பர் சங்கங்களே நடத்துகின்றன. என் கட்சி அவர்கள் பக்கம். நூலின் விலையில் உயர்வு தாழ்வு இருக்கும்போது, அந்த உயர்வு மலைக்கும் போய்ச் சேர வேண்டும்.

இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் என்பவர் 1836-இல் யாரும் சீண்டாத அல்பாக்கா மூட்டைகளை வாங்கி, நூற்கும் வழி கண்டு பெரும் பணக்காரரானார். பிராட்ஃபோர்டு அருகே அவர் கட்டிய ஆலையும் தொழிலாளர் ஊரும் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அந்த மூட்டைகளை நிரப்பிய மேய்ப்பர்களின் ஊர்களில் இன்றும் பல வீடுகளுக்கு மின்சாரம் இல்லை.

பால் கறப்பார்களா? கறி சாப்பிடுவார்களா?
(வாசகர், மதுரை)

பால் கறக்கும் வழக்கம் இல்லை; குட்டிக்குப் போதுமான அளவுதான் சுரக்கும். கறி உண்டு. உப்பிட்டு, இரவு உறைபனியிலும் பகல் வெயிலிலும் மாறி மாறிக் காயவைத்த லாமா இறைச்சிக்குச் சார்க்கி என்று பெயர். பொலிவியாவின் ஒருரோ நகரத்தில் அதைப் பிய்த்து வறுத்து, அவித்த மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, முட்டையோடு தட்டில் வைப்பார்கள். கொழுப்புக் குறைந்த கறி.

என்னிடம் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. லாமா வருஷத்துக்கு எத்தனை குட்டி போடும்? ஆடு மாதிரி இரட்டைக் குட்டி உண்டா?
(வாசகர், தருமபுரி)

ஒன்றுதான். இரட்டை மிக மிக அரிது. சினைக்காலம் பதினொன்றரை மாதம். ஆடு மாடு போலப் பருவத்துக்கு வரும் நாள் என்று தனியாகக் கிடையாது. கிடாயோடு இணைந்த பிறகே கருமுட்டை வெளிப்படும். இணைவது படுத்த நிலையில், அரை மணி நேரம் வரை ஆகலாம்.

குட்டி போடுவது பெரும்பாலும் காலையில். வெயில் இருக்கும்போதே குட்டி உலர்ந்து எழுந்து நின்றால்தான் அந்த இரவின் உறைபனியைத் தாங்கும். ஆடு போலத் தாய் குட்டியை நக்காது. நாக்கை வாய்க்கு வெளியே அதிகம் நீட்ட முடியாத அமைப்பு. மூக்கால் தொட்டு, முனகிக்கொண்டே நிற்கும், குட்டியும் முனகும்.

குட்டிகள் டிசம்பர் முதல் மார்ச் வரை, மழையும் புல்லும் இருக்கும் காலத்தில் பிறக்கும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்கும்போது நிமோனியாவில் அவை செத்துப்போவதுண்டு. வருஷத்துக்கு ஒன்றே குட்டி என்பதால், ஒரு கெட்ட குளிர்காலத்தில் இழந்த மந்தையை மீட்க ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் ஆகும்.

விக்குன்யா ரோமம்தான் உலகிலேயே விலை கூடியது என்கிறார்களே. ஏன் அதையும் பண்ணையில் வளர்க்கக் கூடாது?
(வாசகி, நாகர்கோவில்)

இழை 12, 13 மைக்ரான். விலங்கு ரோமத்தில் அவ்வளவு மெலிந்தது வேறு அபூர்வம். ஒரு விக்குன்யாவிடம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டினால் 200 கிராம் அளவில் கிடைக்கும். ஒரு கோட்டுக்கு இருபது முப்பது விலங்கின் ரோமம் வேண்டும்.

பண்ணைக்கு அது ஏற்ற விலங்கல்ல. ஒரு கிடாய், நாலைந்து பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று குடும்பமாக, தங்களுக்கென்று எல்லை வகுத்து வாழும். பகலில் தாழ்வான புல்வெளியில் மேய்ந்து, இரவில் மேட்டுச் சரிவுக்கு ஏறித் தூங்கும். தினமும் தண்ணீர் வேண்டும். வேலிக்குள் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள், பெரிய பயன் இல்லை என்பதுதான் என் கருத்து. அரெக்கிப்பாவிலிருந்து கோல்கா பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையில், பம்பா கன்யாவாஸ் சமவெளியில், பஸ் ஜன்னலிலிருந்தே அவற்றைப் பார்க்கலாம். இலவங்கப்பட்டை நிற முதுகு, வெள்ளை மார்பு, மெல்லிய கழுத்து. வண்டி நின்ற மாத்திரத்தில் கிடாய் முன்னால் வந்து நின்று கொள்ளும்.

ஸ்பானியர்கள் வரும் முன் பெருவை ஆண்ட இன்காக்கள் அவற்றை வளர்க்கவில்லை, பிடித்து ரோமத்தை வெட்டிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் கைகோத்து மலையைச் சுற்றி வளைத்து, நடுவில் கூட்டி, ரோமத்தைக் கத்தரித்துத் திரும்ப ஓடவிடுவார்கள். இதற்குச் சக்கு என்று பெயர். ஒரு மாவட்டத்தில் ஒருமுறை நடந்தால் மறுபடி நடக்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்தத் துணி அரசனுக்கும் அவன் கொடுத்தவர்களுக்கும் மட்டும். ஸ்பானியர்கள் துப்பாக்கியோடு வந்து, கொன்று தோலை உரிப்பதுதான் சுலபம் என்று கண்டார்கள். விக்குன்யாவைக் கொல்லக் கூடாது என்று 1825-இலேயே விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவார் பெருவின் குஸ்கோ நகரத்திலிருந்து ஆணை போட்டார். அதே வருஷம் அது பெருவின் தேசியச் சின்னத்திலும் ஏறியது. கொலை நிற்கவில்லை. 1960-களில் பெருவில் சில ஆயிரம்தான் மிஞ்சின.

மீண்டு வந்த கதை இதைவிடப் பெரியது. 1967-இல் அயகூச்சோ பகுதியில் பம்பா கலேராஸ் சரணாலயம் அமைந்தது. 1969-இல் பெருவும் பொலிவியாவும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன, அப்புறம் அண்டை நாடுகளும் சேர்ந்தன. 1975-இல் சர்வதேச வியாபாரமே தடையானது. எண்ணிக்கை ஏறிய பிறகு, உயிரோடு வெட்டிய ரோமத்தை மட்டும் விற்கலாம், அந்த உரிமை விலங்கு மேயும் நிலத்துக்குச் சொந்தமான கிராமச் சமூகங்களுக்கு என்று பெருவில் சட்டம் வந்தது. பழைய சக்கு திரும்பியது. இன்று பெருவில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல்.

நான் பார்த்த சக்குவில் கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பஞ்சாயத்துக்காரர்களும், வண்ணத் துணி கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்தபடி ஒரே வரிசையாக மேடேறினார்கள். காற்று மெலிந்த உயரம், மூச்சு வாங்கும். வரிசை குறுகக் குறுக விக்குன்யாக்கள் வலைப்பட்டிக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடிக்க, ஒருவர் இயந்திரத்தால் முதுகு ரோமத்தை மட்டும் எடுத்தார். சில நிமிடம்தான். குட்டிகளையும் ரோமம் வளராதவற்றையும் தொடவில்லை. மாலையில் கதவைத் திறந்ததும் அத்தனையும் மலைமேல் பறந்தன.

அங்கே எடை போட்டு விற்ற ரோமத்துக்குச் சமூகம் பெறும் பணத்தையும், ஐரோப்பியக் கடையில் அந்தக் கோட்டின் மேல் தொங்கும் லட்சக்கணக்கான ரூபாய் விலையையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். விலங்கைக் காப்பாற்றிவிட்டோம், காப்பாற்றியவர்களுக்கு உரியது இன்னும் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லாமல் விக்குன்யாவின் மென்மையை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் குவனாக்கோ?
(அதே வாசகி)

நான்கில் அதிகம் அலைந்து திரிவது அதுதான். பெருவிலிருந்து கண்டத்தின் தென்கோடியில் இருக்கும் பட்டகோனியா, தியெரா தெல் ஃபுவேகோ வரை, கடற்கரையிலிருந்து உயர்மலை வரை வாழும். சிலியின் தோரெஸ் தெல் பைனே பூங்காவில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அங்கே பூமாவின் முக்கிய இரை அது. முகம் மட்டும் சாம்பல் நிறம்.

கொடைக்கானலில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. ஒரே ஒரு லாமா வளர்க்க ஆசை. முடியுமா?
(வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். அதிலும் 'ஒரே ஒரு' என்பது கூடவே கூடாது. மந்தை விலங்கைத் தனியே வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. மனிதர் புட்டிப்பால் கொடுத்துத் தனியாக வளர்த்த ஆண் குட்டி, மனிதரையும் தன் இனம் என்றே நினைத்து வளரும். பெரிதானதும் போட்டிக் கிடாயை மோதுவது போல உங்களை மோதும், கடிக்கும். 150 கிலோ விலங்கு மார்பால் தள்ளினால் விளையாட்டில்லை.

வெயிலும் இருக்கிறது. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பதத்தின் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 120-க்குக் கீழே கவலையில்லை, 180-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. கொடைக்கானல் குளிர்தான், ஆனால் ஈரம் அதிகம். 64 டிகிரியும் 85 சதவீதமும் சேர்ந்தாலே 149. மலையிலிருந்து இறக்கினால் கேட்கவே வேண்டாம். லாமாவின் சொந்த மலையான ஆண்டீஸின் காற்று குளிர் மட்டுமல்ல, வறண்டதும்கூட.

நான் மருத்துவ மாணவன். லாமா ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.
(வாசகர், தஞ்சாவூர்)

சரியாகத்தான் கேள்விப்பட்டீர்கள். நம் உடலின் எதிர்ப்புப் புரதத்தில் (ஆன்டிபாடி) கனமான சங்கிலி இரண்டும் இலேசான சங்கிலி இரண்டும் இருக்கும். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகமொன்றில் ரேமண்ட் ஹாமர்ஸ் குழுவினர் ஒட்டக ரத்தத்தில் இலேசான சங்கிலியே இல்லாத இன்னொரு வகையைக் கண்டு 1993-இல் வெளியிட்டார்கள். லாமாவிலும் அல்பாக்காவிலும் அது உண்டு. அதன் நுனித் துண்டைத் தனியாகப் பிரித்தால் மிகச் சிறிய, உறுதியான புரதம் கிடைக்கும். பெரிய எதிர்ப்புப் புரதம் நுழைய முடியாத இடுக்கிலும் போய் ஒட்டும். நானோபாடி என்கிறார்கள். ரத்தத் தட்டணுக்கள் கட்டிக்கொள்ளும் ஓர் அரிய நோய்க்கு இந்த வகையில் செய்த கேப்லாசிசுமாப் மருந்து 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. கோவிட் சமயத்தில் பெல்ஜியத்தின் விண்டர் என்ற லாமா செய்திகளில் அடிபட்டதும் இதனால்தான். எதிர்ப்புப் புரதத்துக்காக விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.

இன்கா அரசு இவ்வளவு பெரிய சாலைகள் போட்டதே, சக்கரமும் குதிரையும் இல்லாமல் லாமாவை வைத்தே சமாளித்தார்களா?
(வரலாற்று ஆசிரியர், சென்னை)

ஆளும் லாமாவும்தான் அத்தனையும் சுமந்தார்கள். காயடித்த ஆண் லாமா 25, 30 கிலோவைச் சுமந்து ஒரு நாளில் 15, 20 கிலோமீட்டர் நடக்கும். வழியில் மேய்ந்துகொண்டே போகும், அதனால் தீவனம் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பாரம் மிஞ்சினால் படுத்துவிடும், அடித்தாலும் எழாது. ஏறிச் சவாரி செய்ய முடியாது. 1545-இல் இன்றைய பொலிவியாவின் பொத்தோசியில் வெள்ளி கிடைத்ததும் ஸ்பானியர்கள் தாதுவைச் சுமக்கவும் இதே லாமாக்களைத்தான் ஓட்டினார்கள். பொலிவியாவின் உப்புச் சமவெளிகளிலிருந்து உப்புப் பாளங்களை ஏற்றிக்கொண்டு, கீழ்ப் பள்ளத்தாக்குகளில் மக்காச்சோளத்துக்கு மாற்றும் பயணம் லாரி வரும்வரை நடந்தது.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னொன்று: சாணம். லாமாக்கள் மந்தை முழுவதும் ஒரே இடத்தில்தான் கழிக்கும், அதனால் சேகரிப்பது சுலபம். மரமில்லாத மேட்டில் அதுவே விறகு, வயலில் அதுவே உரம். குஸ்கோ பக்கம் மார்க்ககோச்சா என்ற பழைய ஏரியின் சேற்றைத் தோண்டி ஆராய்ந்தபோது, சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் மக்காச்சோள மகரந்தமும், சாணத்தை உண்ணும் சின்னஞ்சிறு உண்ணிகளும் ஒன்றாகப் பெருகியிருந்தன. அந்த உயரத்தில் மக்காச்சோளம் விளைந்ததற்கு லாமா சாணம் கைகொடுத்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

வானத்திலும் அவர்களுக்கு ஒரு லாமா உண்டு. நாம் நட்சத்திரங்களை இணைத்து உருவம் காண்கிறோம். ஆண்டீஸ் மக்கள் பால்வீதியின் நடுவே இருக்கும் கருந்திட்டுகளிலும் உருவம் கண்டார்கள். அதில் பெரியது யக்கானா என்ற கருப்பு லாமா. ஆல்ஃபா, பீட்டா செண்டாரி என்ற இரண்டு நட்சத்திரங்களும் அதன் கண்கள். 1608 வாக்கில் ஆண்டீஸ் மக்களின் கெச்சுவா மொழியில் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி ஒன்று, யக்கானா நடு இரவில் இறங்கிக் கடல் நீரைக் குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடும் என்கிறது. மே, ஜூன் மாத இரவுகளில் நம் ஊரிலிருந்தே தென்வானில் தாழ்வாக அந்த இரண்டு கண்களையும் பார்க்கலாம். கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நம் நாட்டு ஒட்டகங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?
(வாசகர், ராமநாதபுரம்)

2024-ஐ ஐ.நா. ஒட்டகக் குடும்ப ஆண்டாக அறிவித்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன். ராஜஸ்தானில் தலைமுறைகளாக ஒட்டகம் வளர்ப்பவர்கள் ராய்க்கா மக்கள். கட்ச் கரையில் கராய் ஒட்டகங்கள் கடலில் நீந்திப்போய் அலையாத்திக் காடுகளில் மேயும். லடாக்கின் நுப்ராவில் பழைய வணிகப் பாதை விட்டுச்சென்ற இரட்டைத் திமில் ஒட்டகங்கள் இருக்கின்றன. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019-இல் 2.5 லட்சம். மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது, வாங்குவோர் இல்லை. ஆண்டீஸ் மேய்ப்பர்களின் கவலையும் இதுவே.

மகன் குஸ்கோ சந்தையில் 'அல்பாக்கா' ஸ்வெட்டர் மலிவாக வாங்கி வந்தான். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? எப்படித் துவைப்பது?
(வாசகி, பெங்களூரு)

மலிவு என்றாலே சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தைகளில் அக்ரிலிக் என்ற செயற்கை இழையை அல்பாக்கா என்று விற்பது சகஜம். அசல் அல்பாக்கா கையில் எடுத்ததும் லேசாகக் குளிரும், கனத்துத் தொங்கும். அக்ரிலிக் இலேசாக இருக்கும், தலைவழியாகக் கழற்றும்போது படபடவென்று பொரியும். உறுதி வேண்டுமென்றால் உள் தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியானால் விலங்கு ரோமம். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். ஆட்டுக் கம்பளியும் முதல் வகையில்தான் வரும், ஆகவே இந்தச் சோதனை அல்பாக்காவா ஆடா என்று சொல்லாது.

துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அமுக்கி எடுங்கள்; தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் நீண்டு வடிவம் கெட்டுவிடும். அலமாரியில் வைக்கும் முன் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள், மாதம் ஒருமுறை எடுத்து உதறி மடிப்பை மாற்றுங்கள்.